டிசைன் செக்ஷன் கிராபிக்ஸ் கார்டு

என் பழைய டெஸ்க்டாப்ல ஒரு கல்யாண வீடியோவை எடிட் பண்ணி ரெண்டர் போட்டா, பொழுது சாயற வரைக்கும் அப்படியே நிக்குது. புதுசு வாங்க வழியில்ல. அதான் இன்னிக்கு ஆம்பூர் பஜார்ல சலீம் பாய் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"ரேம் ஜாஸ்தி பண்ணிக்கோ, எஸ்எஸ்டி போட்டுக்கோ. இந்த கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துக்கோ. செகண்ட்ஹேண்ட்தான், ஆனா கல்லு மாதிரி இருக்கு"ன்னார்.

விலையைக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. "இன்னா பாய், இவ்ளோ கம்மி?"

"அந்த ஷூ ஃபேக்டரிய மூடிட்டாங்கல்ல? டிசைன் செக்ஷன் சிஸ்டம் மொத்தமும் லாட்டா வந்துச்சு."

என் மனைவி அந்த டிசைன் செக்ஷன்லதான் வேலை பார்த்தா.

பாய் ஒரு சிபியூவை இழுத்துப் போட்டு கழட்ட ஆரம்பிச்சார். அதோட சைடு மூடியில சந்தனமும் குங்குமமும் காய்ஞ்சு கிடந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் வீட்டு ஆளுங்களையும் ஃபேக்டரிக்குள்ள விடுவாங்க. போன வருஷம் போனப்ப, "இது அம்மா கம்ப்யூட்டர்"னு என் பொண்ணு ஒட்டின ஸ்டிக்கர் அது.

கார்டை வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல மனைவிகிட்ட சொன்னேன். அவ கார்டை கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அந்த ஸ்டிக்கரையும் பிச்சு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல"ன்னா.

இப்ப மாட்டியாச்சு, ரெண்டர் பறக்குது. ஃபேக்டரி மூடினதும் கார்டுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு. அந்த சிஸ்டத்துல உக்காந்து வேலை பார்த்தவளுக்குத்தான் இன்னும் கிடைக்கல.

ஷூ டிசைன் போடத் தெரிஞ்ச ஆளு வேணும்னு எங்கயாச்சும் கேட்டா கமெண்ட்ல சொல்லுங்க. அவளும் கம்மி விலைக்கு வரத் தயாராதான் இருக்கா.