நான் பிரேக் போட்ட கார்

எனக்கு அப்போது எட்டு வயது. புக்கிட் ரோத்தானில் வீடியோ விளையாட்டுக் கடை திறந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, உட்கார்ந்து ஓட்டுகிற கார் பந்தய மெஷின் ஒன்று வாங்கப்போனார். சக்கரம் வைத்ததும் இருந்தது, வைக்காததும் இருந்தது.

"பேசாம கடையிலயே நிக்கிறதா வாங்குடா" என்றார் அம்மா.

"சக்கரம் வச்சதுன்னா கோயிலு, கல்யாணம்னு நாலு எடம் போகும் லா, அக்கா."

முதலில் போனது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு. கூடாரத்துக்குப் பின்னால் நிலம் சரிந்து, செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் பெரிய கால்வாயில் முடியும். மாமா புது லோரிக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்தார். சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சக்கரப் பூட்டுகளை விடுவித்து உருட்டினார். பழங்கள் நசுங்கின, எல்லாரும் கைதட்டினார்கள். பூட்டுகளைத் திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் ஆட்டம் எனக்கு. வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் மெஷின் நிஜமாகவே நகர்ந்தது. அடேங்கப்பா, என்ன மெஷின் என்று பூரித்துப்போனேன். அப்புறம் ஒயர் பிடுங்கிக்கொண்டு திரை இருண்டது. கார் மட்டும் நிற்கவில்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"ஐயோ, பிள்ள உள்ள இருக்கு!" என்று அம்மா அலறினார்.

போன மழையில் அந்தக் கால்வாய் ஒரு மாட்டையே கொண்டுபோனதைப் பார்த்தவள் நான். குதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முருகா முருகா என்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

பின்சக்கரத்துப் பக்கமிருந்து மாமாவின் முகம் எட்டிப் பார்த்தது. அதில் ரத்தமே இல்லை. மெஷினைக் கெடுத்ததற்கு அடிக்கப்போகிறார் என்று பயந்து, "நான்தான் மாமா பிரேக் போட்டேன்" என்றேன்.

"ஆமா லா. நீ போடலன்னா அவ்வளவுதான். மெதுவா எறங்கு கண்ணு" என்றவர், நான் இறங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதம் கடைக்குச் சக்கரமில்லாத மெஷின் வந்தது. "இது எங்கயும் போகாதா?" என்று மூஞ்சியைத் தூக்கினேன். "போகாது" என்றார் மாமா, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி. வருகிற பிள்ளைகளிடமெல்லாம் என் பிரேக் கதையை அளந்தேன். மாமா ஒருமுறைகூட மறுக்கவில்லை. அந்த பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கட்டுக்குள் இரண்டு விரல்கள் இல்லை என்பதும் தெரியாது.