ரெண்டு கோடு மணிமொழி

ஆதார் அட்டையை நகலெடுத்த தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகள் இழுத்து, அவற்றுக்கு நடுவே ‘கேஸ் கனெக்‌ஷனுக்கு மட்டும்’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்ட பிறகுதான் மணிமொழி அதைக் கையிலிருந்து விடுவாள்.

“இன்னாம்மா இது, நல்லா இருந்த ஜெராக்ஸ கிறுக்கி வெச்சுட்ட?”

“கிறுக்கலீங்க, பூட்டு போட்டிருக்கேன். இத வெச்சு உங்க பேர்ல எவனும் சிம் வாங்க முடியாது, லோன் வாங்க முடியாது.”

“எம் பேர்ல எவன்மா லோன் குடுப்பான்? எனக்கே குடுக்க மாட்டேன்றான்.”

“உங்களுக்குக் குடுக்க மாட்டான். உங்க பேர்ல வர்றவனுக்குக் குடுப்பான்.”

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால், ஒரு ஏ.டி.எம். அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது அவள் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் நகலோடு ரூம் தேடும் வெள்ளைக்காரர்களுக்கும் இந்த இரண்டு கோடு உண்டு. ‘ரூமுக்கு மட்டும்’ என்பதை அவர்களுக்காக இங்கிலீஷில் எழுதுவாள். ஜெர்மன்காரி ஒருத்தி இதைப் பார்த்துப் பூரித்துப்போய் மணிமொழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளூர்க்காரர்கள் யாரும் இதுவரை கட்டிப்பிடித்ததில்லை. ‘ரெண்டு கோடு’ என்று பேர் வைத்ததோடு சரி.

சாயங்காலங்களில் அக்கா சரோஜா கடைக்கு வந்து உட்காருவாள். லேமினேஷன் செய்த அட்டைகளின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூலைகளை மழுக்கிக் கொடுப்பது அவள் வேலை. சரோஜா எட்டாவதோடு நின்றவள். தங்கையை டைப்ரைட்டிங் ஹையர் வரை அனுப்பியது அவள்தான். வருகிறவர்களிடம், “இது எங்க மணி. மிஷின் ரிப்பேர் ஆனா இவளே கழட்டி மாட்டுவா” என்று கேட்காமலே சொல்லுவாள். மணிமொழி தலை நிமிர மாட்டாள். காது நுனி மட்டும் சிவக்கும்.

வீணாய்ப்போன நகல்களை அவள் குப்பையில் போடுவதில்லை. நாலாகக் கிழித்து, மிஷினுக்குப் பின்னால் இருக்கும் பச்சை வாளித் தண்ணீரில் ஊறவைப்பாள். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு வாழைக்காய் பஜ்ஜி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் வாங்கித் தின்று முடித்தபோது, எண்ணெய்க் கறைக்கு அடியில் தெரிந்த முகம் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தசரதன் வாத்தியாருடையதாக இருந்தது. அவருடைய பாஸ்புக் முதல் பக்கம். போட்டோ, கணக்கு நம்பர், கையெழுத்து எல்லாம் சுத்தமாக விழுந்த நகல். எந்தக் கடையிலோ எடைக்குப் போட்ட கட்டு அது. பஜ்ஜிக்காரரிடம் பேரம் பேசி மொத்தக் கட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “பஜ்ஜிய எதுல குடுக்கறதும்மா?” என்று கேட்டவருக்கு வாழையிலை வாங்க அவளே காசு கொடுத்தாள்.

ஏ.டி.எம். பக்கத்தில் இருப்பதால் கார்டு விவகாரமும் அவள் தலையில்தான் விடியும். மிஷின் முன்னால் நின்று முழிப்பவர்கள் வெளியே வந்து, “பாப்பா, கொஞ்சம் எடுத்துக் குடேன்” என்று கார்டை நீட்டுவார்கள். நீட்டும்போதே நம்பரையும் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். அவள் கார்டைத் தொட மாட்டாள். கதவருகே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “பச்ச பட்டன அமுக்குங்க. இப்ப உங்க நம்பரு. வாயால சொல்லாதீங்க, வெரலால சொல்லுங்க” என்பாள்.

ஆனாலும் அவளுக்குப் பாதிப்பேர் நம்பர் தெரியும். திருவண்ணாமலையில் பிறந்த யாருக்கும் தெரியும். மலையின் உயரம் இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு அடி என்று ஒண்ணாம் வகுப்பில் படித்தது, காலண்டரில் போட்டிருக்கிறது, லாட்ஜு போர்டில் எழுதியிருக்கிறது. பேங்கில் நாலு இலக்கம் கேட்டவுடன் ஊருக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாள் ஏ.டி.எம். வரிசையைப் பார்த்து, “மலையோட ஒயரத்த நம்பரா வெச்சிருக்கறவங்க இன்னிக்கே மாத்திடுங்க” என்று பொதுவாகச் சொன்னாள். வரிசையில் நின்ற லாட்ஜு மேனேஜர் ராஜேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் செருப்பைப் பார்த்தார்.

“உன் நம்பரு இன்னாடி?” என்று சரோஜா ஒருதரம் கேட்டாள்.

“சொல்ல மாட்டேன்.”

“கூடப் பொறந்தவகிட்டயே சொல்ல மாட்டியா? மாறனுக்காவது தெரியுமா?”

“அவருக்கும் தெரியாது.”

“கட்டுனவனுக்கே தெரியாதா! சாமிக்காவது தெரியுமா?”

“சாமிக்கு எதுக்குக்கா? அவரு இன்னா பணம் எடுக்கவா போறாரு?”

சரோஜாவுக்கு வந்த ரிஜிஸ்தர் தபாலைக்கூட, அக்கா வீட்டில் இல்லை என்றால் அவள் வாங்க மாட்டாள். “அக்கா பேர்ல நான் எப்பிடிங்க கையெழுத்துப் போடறது?” என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

எல்லம்மாள் இதற்கெல்லாம் அசைந்து கொடுக்காதவள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் வேர்க்கடலை அவித்து விற்கிறவள். ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும் என்று பௌர்ணமி பௌர்ணமியாகச் சேர்த்ததெல்லாம் பேங்கில் கிடந்தது. தை பிறந்ததும் வேலை, கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. டவுனுக்கு வரும்போதெல்லாம் ஏ.டி.எம்முக்குள் போய், ஒன்றும் எடுக்காமல், இருப்பை மட்டும் பார்த்துவிட்டு வருவாள்.

“அத்த, இது உங்க பேங்க்கு மிஷின் இல்ல. சும்மா பாத்தாலும் ஒவ்வொரு தபாவும் சார்ஜ் புடிப்பான். பாத்துப் பாத்தே கம்மி பண்றீங்க.”

“போனாப் போவுது கண்ணு. தூளியில தூங்கற கொழந்தய எட்டிப் பாக்கற மாதிரி, ஒரு தபா பாத்துட்டாத்தான் எனக்கு அடங்கும்.”

“நம்பர மாத்துங்கன்னா மாத்தவும் மாட்டேன்றீங்க.”

“மல வளரவா போவுது, தேயவா போவுது? வேற நம்பர வெச்சா நான் மறந்துபூடுவேன்.”

போன வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. மத்தியானத்திலிருந்தே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. நாலு மணி இருக்கும். எல்லம்மாள் தலைவிரிகோலமாகக் கடைக்குள் வந்து விழுந்தாள். அவள் கையில் சுருக்குப் பையின் கயிறு மட்டும் இருந்தது.

“பஸ்ல அறுத்துட்டாங்க கண்ணு! கார்டு அதுலதான் இருந்துச்சு. பாஸ்புக்கு இடுப்புல கீது. கார்டு போச்சு!”

“நம்பர மாத்துனீங்களா?”

எல்லம்மாள் வாசல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தாள். மணிமொழிக்கு அது போதும். பட்டா நகலுக்காக நின்ற ஆளை, “இருங்க” என்று உட்காரவைத்துவிட்டு, கடை போனில் பேங்கின் உதவி எண்ணைப் போட்டாள். பாட்டுப் பாடியது. ஒன்றை அமுக்கச் சொன்னது, மூன்றை அமுக்கச் சொன்னது, மறுபடி பாடியது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்ததும் ரிசீவரை எல்லம்மாளிடம் கொடுத்து, தானும் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

“உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்கம்மா.”

“பொறந்ததாங்க? ஆனி மாசங்க.”

“தேதி, வருஷம்?”

“ஏரி ஒடைஞ்ச வருசங்க.”

எல்லம்மாளுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. பேங்க் பாரத்தை நிரப்பிக் கொடுத்தபோது, ஆனிக்குள் வரட்டும் என்று ஜூலை ஒன்றாம் தேதியைக் கணக்குப் போட்டு எழுதியவளே மணிமொழிதான். எல்லம்மாளின் காதில் கிசுகிசுத்தாள்: “ஒண்ணு, ஏழு, அம்பது.”

“ஒண்ணு ஏழு அம்பதுன்றா.”

“யாரும்மா சொல்றது?”

“எங்க மணிங்க. ஜெராக்ஸ் கடை.”

“சாரிம்மா, கார்டு யாருதோ அவங்களே சொல்லணும். பக்கத்துல சொல்லிக் குடுத்தா எடுத்துக்க முடியாது. திங்கக்கிழமை பிராஞ்சுக்குப் போயிடுங்க.” இணைப்பு அறுந்தது.

இன்னொரு தடவை பேசச் சொன்னதற்கு எல்லம்மாள், “எனக்கு வாய் வராது கண்ணு” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறு முழுதாக இருந்தது.

“நீ பேசுடி,” என்றாள் சரோஜா.

“நான் எப்பிடிக்கா பேசறது? அவங்கன்னு சொல்லியா?”

“பின்ன? கார்டு எவன் கையிலயோ கீது. நம்பரு ஊரு முழுக்க எழுதிக் கீது. அந்தம்மாவுக்குத் தளம் வேணுமா, உன் சட்டம் வேணுமா?”

மணிமொழி அடிக்கோலை எடுத்து மேசையில் நேராக வைத்தாள். மறுபடி எடுத்துக் கோணலாக வைத்தாள். வெளியே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. பட்டா நகலுக்குக் காத்திருந்தவர்கூட, “பேசிடும்மா” என்றார். அவள் எல்லம்மாளைப் பார்த்து, “அத்த, உங்க பேர எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றே புரியாமல் எல்லம்மாள் தலையாட்டினாள்.

மறுபடி பாட்டு. மறுபடி பட்டன்கள். இந்தத் தடவை வேறு குரல். மணிமொழி கண்ணை மூடிக்கொண்டாள். சரோஜா தன் தங்கையிடமிருந்து அதுவரை கேட்டிராத ஒரு தளர்ந்த, அடி அண்ணாமலைக் குரல் வந்தது.

“எல்லம்மா பேசறங்க.”

பிறந்த தேதியைச் சொன்னாள். முனியம்மா என்று எல்லம்மாளின் தாய் பெயரைச் சொன்னாள். பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு நம்பரையும் சொன்னாள்.

“இன்னிக்கு மத்தியானம் பேலன்ஸ் பாத்திருக்காங்களே, அது நீங்களாம்மா?”

மணிமொழி கண்ணைத் திறந்து எல்லம்மாளை முறைத்தாள். எல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தாங்க. சும்மா பாத்தேன்.”

“பணம் எதுவும் போகலம்மா. கார்ட பிளாக் பண்ணியாச்சு. புதுக் கார்டுக்கு சார்ஜ் பிடிப்பாங்க. வேற ஏதாவது வேணுமா, எல்லம்மா?”

“வேணாங்க,” என்றாள் மணிமொழி. அது அவள் சொந்தக் குரலாக இருந்தது.

ரிசீவர் வைக்கப்பட்டதும் எல்லம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “தளம் போச்சுன்னே நெனச்சேன் கண்ணு” என்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, “தொலஞ்ச கார்டுக்கும் சார்ஜா?” என்று கேட்டாள். சரோஜா சிரித்துவிட்டாள்.

மணிமொழி சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். தரையில் உட்கார்ந்திருந்த எல்லம்மாளுக்கு நேரே நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.