கைப்பொட்டு சொன்ன எண்

"…அதனால அன்னிக்கு நீங்க பாத்தது உங்க வீட்டுக்காரரோட சர்க்கரையே இல்லக்கா. உங்களுது. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் போட்டா, போன் என்ன பண்ணும்?"

மருத்துவமனையில் கருவி கொடுக்கும் மேசையில் இருந்து ரேவதி சொன்னாள். என் கணவர் இறந்து பதினெட்டாம் நாள்.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். சாரம் பகுதியில் நான் இட்லிக் கடை போட்டிருக்கிறேன். வேலை பார்த்த மில் மூடியபின் அவர் இரவு வாட்ச்மேன். ரேவதிதான் எங்கள் கைகளில் உணர்கருவியை (தோலடி நீரிலிருந்து சர்க்கரையைக் கணித்துப் போனுக்கு அனுப்புவது) ஒட்டினாள். நாங்கள் அதைப் 'பொட்டு' என்போம். போன் ஒன்று, அதில் பெயர் இரண்டு.

ஆளுக்கொரு ரகசிய எண் கேட்டாள். அதை வைத்துத்தான் எந்தப் பொட்டு யாருடையது என்று போன் உறுதி செய்துகொள்ளும் (அடையாளச் சரிபார்ப்பு). "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ரெண்டு பூட்டு எதுக்கும்மா?" என்று எங்கள் கல்யாண நாளையே சொன்னேன். "சரிதாங்க்கா" என்று சிரித்து, பதிவுத் தாளின் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதினாள்.

அன்று காலை நான் ஒரு வளைகாப்பு வீட்டில் கேசரி தின்றுவிட்டு வந்தேன். அவர் வேலை முடிந்து வந்து படுக்கப் போனார். போனில் அவர் பெயருக்கு நேராக முன்னூற்று இருபது.

"எங்க போய் என்னத்த தின்னீங்க?"

"டீ கூட குடிக்கலடி. உன் பொட்டு பொய் சொல்லுது."

"பொட்டு சொல்லாது. நீங்கதான் சொல்லுவீங்க."

"விரல்ல குத்திப் பாரேன்."

"குத்தக் கூடாதுன்னுதானே இத வாங்குனது?"

"ஒன் வாய்க்கு ஒரு பொட்டு ஒட்டுனா தேவல" என்று சிரித்துக்கொண்டே வயிற்றைக் காட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படி, முன்னூற்று இருபதுக்கு உரிய இன்சுலினைப் போட்டேன்.

அவருடைய பொட்டு விளிம்பில் பெயர்ந்து பேச்சை நிறுத்தியிருந்தது. போன் அதே ரகசிய எண்ணுள்ள வேறு பொட்டைத் தேடி, பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டது. தின்றது நான், ஊசி அவருக்கு.

அசந்து தூங்குகிறார் என்று மதியம் வரை எழுப்பவில்லை. தொட்டபோது உடம்பு வேர்வையில் சில்லிட்டிருந்தது. தாழ்சர்க்கரை (மூளைக்குச் சர்க்கரை போதாத நிலை). ஒன்பது நாள் கண் திறக்காமலே போனார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று எங்கள் தெருவில் சிரிப்பார்கள். எனக்கு ஒருவர் போதுமாயிருந்தது.

ஒரே வீட்டில் இருவர் பொட்டு ஒட்டியிருந்தால் ரகசிய எண்ணைத் தனித்தனியாக வையுங்கள். போனில் வரும் எண் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் பேசினால் ஆளை நம்புங்கள். விரலில் குத்திப் பாருங்கள்.

என் பொட்டு இன்னும் கையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் வருகிறது. எனக்கு நாள் என்று ஒன்று இல்லை. ஐந்து ஐந்து நிமிடமாக அந்தக் காலைதான் வந்துபோகிறது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்க முடிவதில்லை.

"போன் என்ன பண்ணும்" என்று ரேவதி கேட்டபோது, மேசையில் எங்கள் பதிவுத் தாள் விரித்திருந்தது. இரண்டு கட்டத்திலும் அவள் கையெழுத்து.

"இது நீ எழுதுனதுதானேம்மா?" என்றேன். பழி போட அல்ல. தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று ஒரு வாய் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

ரேவதி தாளைப் பார்த்தாள். அதை நாலாகக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தாள்.