அதே ஸ்வரம், ஒன்பதாம் கட்டத்தில்

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் பள்ளி விடும்வரை வீட்டில்தான். அக்கா மருத்துவமனையில் இரவு நர்ஸ். அவர் வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவள் படுக்கப் போவாள். இரண்டு அறைகள், நடுவில் சரியாகச் சாத்தாத ஒரு கதவு. இந்த வீட்டுக்குத்தான் மாமா ஒரு பழைய கிதாரை வாங்கி வந்தார். வேலை தேடிக்கொண்டு நானும் அங்கேதான் தங்கியிருந்தேன்.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. அதைப் பூனை நடப்பதுபோல வாசிப்பார். ஆனால் மெட்டு சுற்றிச் சுற்றி வந்து மெல்லிய கம்பியில் நிற்கும். அது தொட்டாலே கணீரென்று ஒலிக்கும். உடனே உள்ளேயிருந்து குரல் வரும்.

"வர்றேன், வர்றேன். எந்த பெட்டு?"

கண்ணைத் திறக்காமலேயே அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் முறை அவள் வெளியே வந்துவிட்டாள். "அந்தக் கம்பி அச்சு அசல் எங்க வார்டு மணிங்க. ஒண்ணு நான் தூங்கணும், இல்ல அது தூங்கணும். இன்னொரு தடவ எழுப்பினா வித்துடுங்க."

மாமா வேனுக்குள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். கிதாரின் கழுத்து கண்ணாடியில் இடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பாட்டோட சேத்தா வாடகைக்கு விடறீங்க?" என்றார். அன்றோடு அதுவும் போயிற்று.

ஒரு நாள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய கம்பிக்கு அடுத்த இரண்டாவது கம்பியை, கிதாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் ஐந்தாவதில் அழுத்தி, அதன் ஒலியோடு மெல்லிய கம்பியை ஒப்பிட வேண்டும். வாரா வாரம் செய்வதுதான். அன்றைக்குக் கை அப்படியே நின்றது.

"மச்சான், அதே ஸ்வரம் இங்கயும் இருக்குடா. இவ்வளவு நாளா வெறுமனே சரிபார்க்கத்தான் தொட்டிருக்கேன்."

மெட்டின் அந்த இடத்தை இரண்டாவது கம்பியில் வாசித்தார். உள்ளே கட்டில் முனகியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாவது கம்பியில் தேடினார். ஒன்பதாம் கட்டத்தில் கிடைத்தது. ஸ்வரம் மாறவில்லை. போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோலக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை.

ஒரு ஸ்வரம் இடம் மாறினால் போதாது. கை அவ்வளவு தூரம் தாவாதே. மற்ற ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாகத் தடித்த கம்பிகளில் கண்டுபிடித்து அக்கம்பக்கமாகக் குடிவைத்தார். விரல்கள் ஸ்டியரிங்கிலும் தேடிக்கொண்டே இருந்தனவாம். "கையில சுளுக்கா அங்கிள்?" என்று ஒரு சிறுமி கேட்டாளாம்.

பிறகு தினமும் வாசித்தார். அக்கா தூங்கினாள்.

ஒரு மதியம் அவள் எழுந்து வந்தபோது மாமா கிதாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தயங்கி நின்றாள்.

"நான் ஏதோ தூக்கக் கலக்கத்துல சொன்னேன். அதுக்காக ஒரேயடியா விட்டுடறதா? பாவமா இருக்குங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒரு வாரமா தினம் வாசிச்சுட்டுதான் இருக்கேன்."

"நெஜமாவாடா?" என்று என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன்.

நிம்மதியாவாள் என்று நினைத்தோம். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் கேட்டிருக்கு, எனக்கு மட்டும் கேக்கல. எடுங்க அதை. முதல்லேர்ந்து வாசிங்க."