பக்க எண்படி அடுக்கிய கதை

கோடை லீவுக்கு முந்தின நாள், ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். லீவில் படிக்க வேண்டிய புத்தகங்கள். 'வேண்டிய' என்று நான்தான் சொல்கிறேன். தாளின் தலையில் 'விருப்பம் இருந்தால் மட்டும்' என்றுதான் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. மொத்தம் ஆறு வரி. ஒரு பயண நூல், ஒரு வாழ்க்கை வரலாறு, ஒரு நாடகம் என்று முதல் ஐந்து. ஆறாவது வரி: உன் தாய்மொழியில் ஒரு புத்தகம்.

ஆங்கில மிஸ் ரிஜிஸ்டரில் ஒவ்வொருத்தி பெயருக்கு நேராகவும் ஆறு கட்டம் போட்டு வைத்திருந்தார். லீவு முடிந்து வந்து வகுப்பின் முன்னால் நின்று புத்தகத்தைப் பற்றிப் பேசினால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக். வகுப்பில் பாதிக்கு மேல் வங்காளிப் பெண்கள், நாலைந்து மார்வாடிகள். தமிழ் என்று சொல்ல நான் ஒருத்திதான். என் பெயர் வந்ததும் மிஸ் பேனாவை நிறுத்தினார்.

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

"பரவாயில்லை. உன்னைப் போன்றவர்கள் இதை விட்டுவிடலாம். கட்டாயமில்லையே" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, ஆறாவது கட்டத்தில் 'என்.ஏ.' என்று எழுதினார். பொருந்தாது என்று அர்த்தம். பின் பெஞ்சில் ஒருத்தி, "தாய்மொழி இருக்கிறது மிஸ், அம்மாவிடம் திட்டு வாங்குவதற்கு மட்டும்" என்றாள். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்.

எனக்கு முகம் சுர்ரென்று எரிந்தது. பொருந்தாதாமே! தூக்கத்தில் உளறுவதுகூடத் தமிழில்தான், எனக்குப் பொருந்தாவிட்டால் வேறு யாருக்கு ஐயா பொருந்தும்? மிஸ் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய கோபம், அவர் சொன்னது பொய்யில்லை என்பதில். எனக்கு வங்காளம் வாசிக்க வரும், இந்தி வரும், இங்கிலீஷ் வரும். தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் வாங்காமல் விடுவதில்லை என்று நான் இறங்கும் டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷன் வரும்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தூத்துக்குடிக்காரர், இங்கே கல்கத்தாவில் துறைமுக ஆபீசில் வேலை. தாளை வாங்கிப் பார்த்தார். "ஆப்ஷனல்னு போட்டிருக்குல்லா? ஆப்ஷனல்னா சாய்ஸ்ல விட்டுரணும். கணக்குல நாப்பத்தொண்ணு வாங்கிட்டு வந்து கதைப் புஸ்தகமா கேக்கு? சவத்தத் தள்ளிட்டுக் கணக்கப் போடுட்டி" என்றார்.

அம்மா அதற்கு மேல். "உனக்கு எதுக்குட்டி தமிழ் எழுத்து? யாருக்குக் கடுதாசி எழுதப் போற?"

"ஒங்களுக்கெல்லாம் வேண்டாம்னா எனக்கு வேணும்" என்றேன். எதிர்த்துப் பேசியதற்கு அன்று தனியாக வாங்கிக்கட்டிக் கொண்டேன்.

யாரும் சொல்லித்தரப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பியில், அம்மாவின் அக்கா, என் பெரியம்மை, ஊரிலிருந்து போட்ட இன்லேண்டு கடிதங்களை அம்மா வரிசையாகக் குத்தி வைத்திருப்பாள். எந்தக் கடிதம் வந்தாலும் அம்மா சத்தமாக வாசிப்பாள், எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும். 'அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமும் மாப்பிள்ளை நலமும் குழந்தை நலமும் அறிய ஆவல்.' எனக்கு அது மனப்பாடம். அந்த ஒரு வரியை எடுத்துவைத்து, சத்தத்துக்கு ஒரு எழுத்தாகப் பிடித்தேன். 'நலம்' நாலு தடவை வருகிறது, அதில் மூன்று எழுத்து கிடைத்தது. 'தங்கை'யில் இன்னும் மூன்று. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தால் முன்பக்கம் திருப்பிக்கொள்வேன். இரண்டு வாரத்தில், பெரியம்மை வீட்டுப் பசு கன்று போட்டதையும் மச்சினர் சண்டையையும் நானே வாசித்தேன். மூன்று ன, ண, ந வைத்தவனை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இனிப் புத்தகம் வேண்டும். வீட்டில் பஞ்சாங்கத்தைவிடத் தடியாக இருந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். கம்பளிகள் வைத்திருந்த டிரங்குப் பெட்டியின் அடியில், காலிகோத் துணியில் முதுகு போட்டு பைண்டு பண்ணியது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்பார்களே, அந்த மாதிரி. அப்போது எனக்கு அந்த வழக்கமும் தெரியாது. தாள் பழுத்திருந்தது, படங்கள் இருந்தன, புத்தகம் என்று நம்பினேன். என் கையில் அதைப் பார்த்ததும் அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் காற்று வரும். அங்கே உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, வாய்விட்டுத்தான் வாசிப்பேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம். கீழ்வீட்டு மாஷிமா, அந்த வங்காளி மாமி, மேலே ஏறிப் போகும்போதெல்லாம், யாருக்காக மந்திரம் ஜெபிக்கிறாய் என்று கேலி செய்வார்.

கதை என்னைப் போட்டுப் புரட்டியது. முதல் அத்தியாயத்தில் கதாநாயகி, புருஷன் செத்துப்போய், குழந்தையோடு தனியாக பஸ்ஸில் போகிறாள். அடுத்ததில் கல்யாணமே ஆகாமல் அப்பாவோடு வேலைக்குப் போவது பற்றிச் சண்டை போடுகிறாள். அதற்கு அடுத்ததில் செத்த புருஷன் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான், சர்க்கரை போதாது என்று வேறு சொல்கிறான். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் 'தொடரும்'. ஏறக்குறைய பாதியில் ஒரு இடத்தில் 'முற்றும்' என்று போட்டிருந்தது, பக்கத்தைத் திருப்பினால் அவள் இரட்டைச் சடை பின்னிக்கொண்டு நிற்கிறாள்! அடேயப்பா, என்ன திமிர் பிடித்த எழுத்து என்று நினைத்தேன். தமிழ்க்கதை என்றால் இப்படித்தான் இருக்கும்போல, செத்தவன் வருவான், போவான், நாம் எதிர்த்துக் கேட்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

பள்ளி திறந்ததும் வகுப்பின் முன்னால் நின்று இதையெல்லாம் சொன்னேன். இந்த எழுத்தாளருக்கு நேர்க்கோட்டில் நம்பிக்கை இல்லை, வாழ்க்கையை மனசு நினைக்கிற வரிசையில் சொல்கிறார் என்று ஒரே போடாகப் போட்டேன். மிஸ் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "ஆச்சரியமாக இருக்கிறதே, புத்தகத்தைக் கொடு, பார்த்துவிட்டு டிக் போடுகிறேன்" என்றார். கொடுத்தேன். கர்வம் தலைக்கேறி, அன்றைக்கு இரண்டு ஸ்டேஷன் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மிஸ் புத்தகத்தோடு வந்தார். அலிப்பூரில் அவர் வீட்டு மாடியில் ஒரு தமிழ் பேங்க் ஆபீசர் குடியிருந்தாராம். அவரிடம் காட்டினாராம். மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். எல்லார் முன்னாலும் மிஸ் இதைச் சொன்னார்.

"இது புத்தகம் இல்லை, பத்திரிகையில் கிழித்த தாள். தைத்தவன் அத்தியாயங்களை மாற்றித் தைத்துவிட்டான். நீ படித்தது அந்தக் கதையே இல்லை. தமிழ் தெரிந்தவர்கள் பத்தாவது பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். விடு, கட்டாயமில்லை என்று அன்றைக்கே சொன்னேனே."

வகுப்பு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கட்டத்தில் 'என்.ஏ.' அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசினேன். "ஏம்மா சொல்லல? ஒனக்குத் தெரியும்லா? எல்லாவளும் சிரிக்கா, ஒனக்குத் தெரியும்லா!" என்று கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன். நடந்ததைக் கேட்ட அம்மா, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அது அவள் கல்யாணத்துக்கு முன் தூத்துக்குடியில் சேர்த்தது. முப்பத்திரண்டு வாரம். அந்தத் தாள்களை நூலால் கட்டி, பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்து ஹவுரா வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். வந்த மூன்றாம் மாதம் டாலிகஞ்ச் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பைண்டரிடம் கொடுத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தியாய எண்ணைப் பத்திரிகைக்காரன் 'ஒன்று', 'இரண்டு' என்று தமிழ் எழுத்தில்தான் போட்டிருந்தான். அடியில் இருந்த பக்க எண் மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. ஒரு வாரம் பதினாறாம் பக்கம், ஒரு வாரம் அறுபதாம் பக்கம் என்று அந்தந்த இதழில் கதை வந்த பக்கத்தின் எண். பாவம், இந்தப் பெண் கலைத்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அழகாக அடுக்கி, ஓரம் வெட்டித் தைத்துவிட்டார். வெட்டியதில் அத்தியாயத் தலைப்பும் போய்விட்டது.

"அடப்பாவி மனுசா, என்ன காரியம் பண்ணிட்டன்னு கேக்கப் போனேன். 'பௌதி, நம்பர் தோ டீக் ஆச்சே'ன்னாரு. நம்பரு சரியாத்தான இருக்கு மதினின்னு கேக்காரு. எனக்கு அப்பம் ஒரு வார்த்தை பெங்காலி தெரியாது. என்னத்தச் சொல்ல? அழுதுட்டே வந்து பெட்டில போட்டேன். அப்பாகிட்ட சொன்னா, கிழிச்ச தாளுக்கா இவ்வளவும்பாங்க. அதுக்கப்புறம் நான் தொறக்கவே இல்ல."

பிறகு என்னைப் பார்த்தாள். "முழுசும் வாசிச்சியாட்டி?"

"முழுசும்."

"எழுத்துக்கூட்டியா?"

"ஆமா."

"கடைசில என்ன வருது?"

அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு முடிகிறது என்றேன்.

"அது மூணாவது வாரம் வந்தது. நெசமான கடைசி அது இல்ல. கடைசில அவ வேலைய விட்டுட்டு, பிள்ளையத் தூக்கிட்டு மாமனார் வீட்டுக்கே போயிருதா. பெரிய தியாகின்னு எழுதி முற்றும் போட்டான். எனக்கு அன்னைக்கே பிடிக்கல." புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். "எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான் நீளமா ஒரு ரிஜிஸ்டர். நான் பதினோரு மாசம் கையெழுத்துப் போட்டேன். பெறகு மாப்பிள்ளை கல்கத்தாவுலன்னு சொல்லிட்டாங்க."

அம்மா வேலை பார்த்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதினாலு வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அப்பா மேலும், பெரியம்மை மேலும், அந்த எழுத்தாளர் மேலும் சேர்ந்து கோபம் வந்தது. என் மேலும்தான்.

"சரியான வரிசைல ஒருக்க வாசிச்சிட்டு மிஸ்கிட்ட போயிச் சொல்லிருதியா? நான் நம்பர் போட்டுத் தாரேன்" என்றாள் அம்மா.

"மாட்டேன். நான் வாசிச்சதுதான் கதை" என்றேன்.

மறுநாள் ஆங்கிலப் பீரியடில் கையைத் தூக்கினேன். மிஸ், நான் படித்தது என் தாய்மொழியில், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, ஒரு வரி விடவில்லை, அடுக்கியது பைண்டர், படித்தது நான் என்றேன். வகுப்பில் சிரிப்பு தொடங்கியது. "அந்த ஆபீசருக்குப் பத்தாவது பக்கத்தில் தெரிந்துவிட்டது, சரி. அவருக்கு யாரோ எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசித்துக் காட்டுகிறேன்" என்று அனுமதிக்குக் காத்திராமல் முன்னால் போய் நின்றேன்.

கடைசி அத்தியாயத்தை விரித்து வாசித்தேன். ஒருத்திக்கும் புரியாது என்று தெரியும். முதலில் கிசுகிசுத்தார்கள், பிறகு பின் பெஞ்சுக்காரி குரங்கு மாதிரி முகம் காட்டினாள், நான் நிறுத்தவில்லை. தடுக்கிய வார்த்தையை மறுபடி வாசித்தேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம். கிசுகிசுப்பு ஓய்ந்துவிட்டது. மிஸ் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "போதும் அம்மா, போதும், டிக் போட்டுவிடுகிறேன்" என்றார்.

"இன்னும் நாலு பக்கம் இருக்கிறது மிஸ்" என்றேன்.

மணி அடித்தது. அடித்தால் அடிக்கட்டும். யாரும் எழுந்து போகவில்லை. ரிஜிஸ்டரில் அவர் எழுதியதை அடித்து டிக் போட்டார் என்று முன் பெஞ்சில் இருந்தவள் பிறகு சொல்லித்தான் தெரியும். நான் அப்போது, அந்தப் பெண் பேனாவை வாங்கிப் பதிவேட்டின் மேல் குனிகிற பத்திக்கு வந்திருந்தேன். அதை விரல் வைக்காமல், எழுத்துக்கூட்டாமல், பதினோரு மாதம் கையெழுத்துப் போட்டவளின் மகளாக வாசித்து முடித்தேன்.