பேர் வேண்டாம், கையெழுத்து போதும்

லிஃப்ட்காரர் கை கழுவிக்கொண்டிருக்கிறார். முதலில் துணி சோப்பு, பிறகு குளியல் சோப்பு, நகக்கண்ணுக்கு ஒரு பழைய பல் பிரஷ். கழுவிய கையைத் துண்டில் துடைக்கக் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளுமாம். ஈரம் தானாகக் காயும் வரை இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தபடி, ஆபரேஷனுக்குத் தயாரான டாக்டர் மாதிரி கூடத்தின் நடுவில் நிற்பார். வேலையை விட்டு, விரலில் கிரீஸ் பட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் இத்தனையும் நடந்தாக வேண்டும். இன்றைக்குத் தொடுவதற்கு இருப்பது ஒரே ஒரு புத்தகம். கட்டில் மேல் கிடக்கிறது. மகள் வந்ததும் அதை அவள் கையில் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்வாளா என்பதுதான் மனிதருக்குத் தெரியவில்லை.

ஊரில் பாதி லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர், தான் குடியிருக்கப் பிடித்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. கேட்டால், "வாடகை கம்மி சார். மிச்சத்துல நாலு புக்கு வாங்கலாம்ல?" என்பார். வாங்கினார், வாங்கினார், சுவர் தெரியாமல் வாங்கினார். இப்போது முழங்கால் இரண்டும் சேர்ந்து அவரைப் பழிவாங்குகின்றன. இறங்கினால் ஏற முடியவில்லை. அதனால்தான் தரைத்தளத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு மகள் கூட்டிப்போகிறாள்.

அவர் சேர்த்ததெல்லாம் முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பைப் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்: நன்றாகத்தான் இருக்கிறது, நம்முடையது இல்லையே. புத்தகம் கைக்கு வந்தால் முதலில் பதிப்பு விவரம், அடுத்து மேலட்டையின் ஓரம், அப்புறம் மூக்கருகே வைத்து ஒரு மோப்பம். தெரியாத ஆளுக்குக் கதவைத் திறப்பதுபோல் கொஞ்சமாகத்தான் திறப்பார். "ரொம்ப விரிச்சா முதுகு ஒடிஞ்சிரும்." பக்கங்களின் ஓரம் வெட்டப்படாமல் வந்த புத்தகங்களை வெட்டாமலேயே வைத்திருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இன்று வரை தெரியாது. "படிக்கிறதுக்கு வேற காப்பி வாங்கிக்கலாம். இது வச்சுக்கறதுக்கு."

மனைவி இருந்த வரை, "அடுத்த ஜென்மத்துல எனக்கும் ஒரு அட்டையப் போட்டு அலமாரியில வச்சுக்கோங்க. அப்பவாவது ஒரு தடவ திரும்பிப் பாப்பீங்க" என்பாள். அவர் சிரிப்பார். பாவம், அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கையெழுத்து வாங்குவதில் அவருக்கு ஒரு பிடிவாதம். கூட்டம் முடிந்து வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். எழுத்தாளர் பேனாவைத் திறந்து, "யார் பேருக்குங்க?" என்பார். "பேரு வேண்டாங்க. கையெழுத்து மட்டும் போதும்." ஒரு கிழட்டு நாவலாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், ஒங்களுக்கு வீட்ல பேரு வைக்கலையா?" சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவர் அசைய வேண்டுமே! "பேரு எழுதிட்டா அது அந்த ஒருத்தருக்குத்தான் சார். எழுதலேன்னா யாருகிட்ட போனாலும் செல்லும்" என்று வெளியே வந்து விளக்கம் சொன்னார். பழைய புத்தக வியாபாரிகள் அவருக்கு 'மொட்டைக் கையெழுத்து' என்றே பட்டம் கட்டியிருந்தார்கள்.

"பிள்ளைங்க எத்தனை?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணே ஒண்ணு. மறுபதிப்பு போடல" என்பார். வாழ்நாளில் அவர் அடித்த ஜோக் இது ஒன்றுதான். அந்த ஒற்றைப் பிள்ளைக்கும் அலமாரிப் பக்கம் வர ஒரு சட்டம் இருந்தது. "கையக் காட்டு. திருப்பு." நகத்தை உற்றுப் பார்ப்பார். பெரும்பாலும், "போ, இன்னொரு வாட்டி கழுவிட்டு வா" என்று வரும். அவளும் சளைக்காமல் ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வருவாள்.

அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். அந்தக் கோபக்கார நாவலாசிரியரின் புத்தகம் மேல்தட்டில் இருந்தது. கையெழுத்து போட்டுக் கொடுத்த சில நாளிலேயே அந்த மனிதர் செத்துப்போயிருந்தார். குழந்தை திறந்து பார்த்திருக்கிறாள். கையெழுத்து இருக்கிறது, யாருக்கு என்று இல்லை. அந்தத் தாத்தா எழுத மறந்துவிட்டார் என்று நினைத்து, நீலப் பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு மேலே முட்டை முட்டையாக எழுதினாள்: அப்பாவுக்கு.

கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் கையைத்தான் காட்டினாள்.

அவர் அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அடித்திருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள். அவளை எதிரில் உட்காரவைத்துவிட்டு, மை அழிக்கிற ரப்பரால் முதல் எழுத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'அ' போயிற்று. தாளும் நைந்து மறுபக்கம் தெரிய ஆரம்பித்தது. ஓட்டை விழுந்துவிடும் என்று பயந்துதான் நிறுத்தினார். மீதி எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. "போ" என்றார். அவள் போனாள். அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் அவள் வரவே இல்லை. அப்பா அப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறாள், மருந்து வாங்கி அனுப்புகிறாள், ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சுதான் வாசலோடு நின்றுவிடுகிறது.

போன வாரம் தொலைபேசியில், "நீங்க வாங்கப்பா. அலமாரி வேண்டாம்" என்றாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் அவரைக் குலைத்துவிட்டது.

அவர் சொல்லியனுப்பியதும் பழைய புத்தக வியாபாரி வந்தான். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் கட்டுக் கட்டினான். இந்த ஒன்றை மட்டும் ஒதுக்கினான்.

"இது வேண்டாம் பெரியவரே. யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க."

"அது கிறுக்கல் இல்லப்பா."

"பின்ன என்னவாம்?"

பெரியவர் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக மாடியிலிருந்து இறக்கினான். ஒரு ஆயுளின் சேகரிப்பு படியில் தடதடவென்று இறங்கியபோது அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நைந்த அந்தத் தாளையே தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாகச் சுவரோடு ஒத்திகை நடக்கிறது. "இத நீ வச்சுக்கம்மா. அன்னிக்கி அப்பா பண்ணினது தப்பு." அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். சுவரிடம் கோளாறில்லாமல் வருகிறது. அவள் வாங்க மறுத்துவிட்டால், அந்த வீட்டில் கடைசி வரை ஒரு மூட்டை முடிச்சாகக் கிடக்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

படியில் செருப்புச் சத்தம். மகள் மூச்சிரைக்க உள்ளே வருகிறாள். அவளுக்கும் காதோரம் நரைத்திருக்கிறது. "கிளம்பலாமாப்பா? கீழ வண்டி நிக்குது."

அவர் இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டுகிறார். ஒத்திகை பார்த்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை. "இத... நீ..." என்பதோடு நின்றுவிடுகிறது. அவள் மேலட்டையைப் பார்க்கிறாள். அடையாளம் தெரிந்துவிடுகிறது. தோள்பையைக் கழற்றிக் கீழே வைக்கிறாள். பிறகு, யாரும் கேட்காமலே, இரண்டு கையையும் அவர் முன்னால் விரித்து நீட்டுகிறாள். உள்ளங்கை. அப்புறம் புறங்கை.

வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுக்கிறார் லிஃப்ட்காரர். அதற்குள் அவர் கண் அவளுடைய நகங்களைப் பார்த்து முடித்துவிட்டது.