இரண்டாவது பெட்டி

நம்பினால் நம்புங்கள் கண்ணுகளா, இது என் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது. பயந்தால் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள், தப்பில்லை.

என் தம்பியும் அவன் கூட்டாளியும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினார்கள். கம்பெனியின் பெயரை யார் இணையத்தில் தட்டினாலும், "இந்த முகவரிக்குப் போ" என்று வழிகாட்ட ஒரு கணினி வேண்டுமாம். நேம் சர்வர் என்பான். மற்றவர்கள் அதை வெளியே வாடகைக்கு எடுப்பார்கள். இவன் எங்கள் வீட்டு இணைப்பிலேயே, துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியாக வைத்திருந்தான். அதன் விசிறி நாளெல்லாம் கிர்ர்... கிர்ர்...

"ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பதில் சொல்லணும்க்கா. ரெண்டாவதை வேற வீட்ல வைக்கணும்" என்பான். வைக்கவேயில்லை.

கூட்டாளி அவனைக் கம்பெனியிலிருந்து வெளியே தள்ளினான். "அவன் யாருன்னே தெரியாது" என்று எல்லோரிடமும் சொன்னான். ஒன்றரை மாதத்தில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அந்த வழிகாட்டலில் எதையும் மாற்றுவதற்கான கடவுச்சொல்லும் அவனோடு போயிற்று.

அடுத்த வாரம். பிற்பகல் 3:10. வாசல் மணி. கூட்டாளி நின்றான், முகம் வெளிறிப்போய்.

"கம்பெனி பேரைத் தட்டினா உங்க தம்பி போட்டோ வருதுக்கா. நீங்கதானே பண்றீங்க?"

"எனக்கு டிவி ரிமோட்டே தகராறு."

"விளையாடாதீங்க. இன்னிக்குள்ள சரியாகலைன்னா கம்பெனியை இழுத்து மூடணும்."

"இதைக் கட்டினது அவன்தான்னு ஒரு வரி போட்டுடு. அவனே விட்டுடுவான்."

சிரித்தான். "செத்தவனுக்கு எதுக்குக்கா பேரு?"

விடுவிடுவென்று உள்ளே போனான். பெட்டியின் எல்லா ஒயரையும் பிடுங்கினான்.

3:16. அதன் விளக்குகள் அணைந்தன. விசிறி நின்றது.

அவன் போன் அடித்தது. வீட்டிலிருந்து அவன் மனைவி. ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னும் அதே போட்டோதாங்க... இப்போ தட்டுறதுக்கு முன்னாடியே வருது."

அவள் குரலுக்குப் பின்னால்...

கிர்ர்... கிர்ர்...

அலமாரிப் பக்கம் பார்த்தேன்.

பெட்டியின் விசிறி சுழலவில்லை.

அவன் ஓடினான்.

நான்கு நாள் கழித்து, இணைப்பைப் பார்க்கிற ஆள் வந்தார். "உங்க பெட்டி ஒண்ணாவதும்மா. இப்போ பதில் சொல்றது ரெண்டாவது."

"அவன்தான் ரெண்டாவது வைக்கவே இல்லையே?"

திரையைக் காட்டினார். தம்பி இறந்த அன்று, உயிர் போய் அரைமணி கழித்து அந்த இரண்டாவது பெட்டி பதிவாகியிருந்தது. முகவரி, கூட்டாளியின் வீட்டு இணைப்பு. அங்கே சுவரை இடித்தும் தேடினார்களாம். பெட்டி இல்லை.

கூட்டாளி கம்பெனியை மூடிவிட்டான். இதுவரை மூன்று வீடு மாறிவிட்டான். ஒவ்வொரு முறையும் அவன் சாமான் இறங்குவதற்கு ஒருநாள் முன்பே, இரண்டாவது பெட்டிக்கு அந்த வீட்டு முகவரி பதிவாகிவிடுகிறது.